தோன்றா எழுவாய்

ஒற்றுப்பிழை பார்க்க மட்டும்தான் கூப்பிட்டார்கள்.
கௌரவ விரிவுரையாளர், தமிழ்த்துறை.
சிவப்புப் பேனா இருந்தால் போதும்.

கருங்கல்லில் வெட்டப்போகிற வாசகம்,
ஏழாவது திருத்தம்:
"இக்கட்டடத்தில் தொழிலாளர்கள் தங்கவைக்கப்பட்டனர்.
புதுச்சேரித் துறையிலிருந்து ரெயூனியன் தீவுக்கு அனுப்பப்பட்டனர்.
வழியில் சிலர் இறக்க நேர்ந்தது.
பல்கலைக்கழகம் இதனை நினைவுகூர்கிறது."

பிழை இல்லை.
வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறது.

"செய்தது யார் சார்?" என்றேன்.
பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"எதை?"
பட்டவர்கள் இருக்கிறார்கள் சார்.
படுத்தியவரைக் காணோம்.

விடைத்தாள் கட்டுகள் அடுக்கிய பின்னறைக்குப் போயிருக்கிறேன்.
தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.
தங்கவைத்தவர்களுக்கு
யார் வெளியே தாழ் போடுவார்கள்?

பிரெஞ்சுப் பேரேட்டில் ஒரு வரி:
வீரின், வயது பத்து, இடது புருவத்தில் தழும்பு.
வீரனா வீராயியா,
எழுதியவன் காதில் விழுந்த அளவுக்குத்தான் பெயர்.
ஊர், நெல்லிக்குப்பம் பக்கம் ஏதோ.
தலைக்கு எட்டு ரூபாய் பெற்றுக்கொண்டேன்:
லாசர் நல்லதம்பி.
இந்தக் கையெழுத்து மட்டும் அத்தனை தெளிவு.

கமிட்டியில் அந்தப் பெயரைச் சொன்னேன்.
காபி வந்தது.
ஒருவர் நனைத்த பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது.
எல்லோரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள்.
"அவங்க குடும்பம்தானே மேடம் இந்த இடத்தையே குடுத்தது?"
பிறகு யாரோ
நாலாவது வரி ரொம்ப அழகு என்றார்.

எழுந்துபோகும்போது துணைவேந்தர்
மரியாதைக்குக் கேட்டுவைத்தார்:
"கல்லை எங்கே பதிக்கலாம், நீங்களே சொல்லுங்களேன்."

சொன்னேன்.

விழாவன்று கடற்காற்றில்
விருந்தினர் கயிற்றைத் தொடும் முன்பே
திரை நழுவிவிட்டது.
கைதட்டல், குழுப்படம், சமோசா.

எல்லோரும் போனபின் பெருக்க வந்த அஞ்சலாட்சி
துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கி
எழுத்துக் கூட்டினாள்,
மேலிருந்து, வாசல் நெற்றியில்
பித்தளையில் மின்னுவதிலிருந்து ஆரம்பித்து,
எங்கும் மூச்சு விடாமல்:
"லாசர் நல்லதம்பி அரங்கம் இக்கட்டடத்தில் தொழிலாளர்கள்
தங்க வைக்க..."

நிறுத்தினாள்.
மறுபடி மேலே பார்த்தாள்.
"யாரு, இவரா மேடம்?"

மூன்று மாதம் கழித்து வவுச்சர் வந்தது.
பிழைதிருத்தக் கூலி, ரூபாய் முந்நூறு.
என் பெயரில் ஓர் ஒற்று விழுந்துபோயிருந்தது.
பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில்
கையெழுத்துப் போட்டேன்,
தெளிவாக.