இரண்டு முழுக்கு

எனக்குப் பத்தொன்பது வயது.
சட்டைப்பையில் குத்தியிருந்த கறுப்புப் பட்டையில்
‘மூப்பர்’ என்று போட்டிருந்தது.
ஐடஹோவின் உருளைக்கிழங்கு வயல்களை விட்டு வந்து
ஏழு மாதம். அதுவரை
ஒரு பூனையைக்கூடத் தண்ணீரில் முக்கி எடுத்ததில்லை.

சிலோயே தீவின் தென்கோடி, கேயோன் துறை.
ஜூலை; அங்கே அது நடுக்குளிர்.
தகரக் கூரைமேல் மூன்று நாளாக ஒரே மழை.
தொட்டியைச் சூடாக்கும் கேஸ் சிலிண்டர்
அன்று பார்த்துத் தீர்ந்துபோயிற்று.
சபைப் பெண்கள் வீட்டுக்கு வீடு கெட்டில் வைத்துத்
தெருவழியே ஓடிவந்து ஊற்றினார்கள்.
பதினாறு கெட்டில். தண்ணீருக்கு உறைக்கவேயில்லை.

அவர் பெயர் எலெயுதேரியோ செகுந்தோ கார்கமோ.
அறுபத்திரண்டு. சிப்பித் தெப்பங்களில் வேலை;
கயிறு இழுத்து இழுத்து
விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன.
நாற்பது வருஷம் கடல்மேல் இருந்தவருக்கு
நீந்தத் தெரியாது.
“தெரிந்தால் சாக நேரமாகும்” என்றார்
நான் கேட்டபோது.

அக்கா தெல்மிரா வரமாட்டேன் என்றுவிட்டாள்.
“அவனை நான் தலைமுழுகிவிட்டேன்” என்று
ரொட்டிக்கடையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னாளாம்.
முழுகப்போவது யார், முழுகியது யார் என்று
என் கூட்டாளி கிஸ்பே சிரித்தான்.

வெள்ளை அங்கி அவருக்குக் கட்டை.
ஜிப் நெஞ்சோடு நின்றுவிட்டது.
இடுப்பளவு நீரில் பல் கிட்டிப்போக
என் மணிக்கட்டைப் பிடித்தார்.
கயிறு பிடித்த கை அது.
இன்றும் நினைத்தால் வலிக்கிறது.
வலக்கையை உயர்த்தினேன்.
இரவெல்லாம் குளியலறைக் கண்ணாடி முன் ஒப்பித்த வாசகம்;
“எலெயுதேரியோ கார்கமோ” என்று தொடங்கி
ஆமென் வரை எங்கும் தடுக்கவில்லை.
சாய்த்தேன். கனத்தார். முழுகினார். எழுந்தார்.

சாட்சி நின்ற கிஸ்பே
உதட்டைக் கடித்துத் தலையாட்டினான்.
நடுப்பெயர் விட்டுப்போயிற்று.
செல்லாது.

அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்தது.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவர் முகத்தில் வழிந்ததைத் துடைக்காமல்
வேறு யாரிடமோ பேசுவதுபோல் சொன்னார்:
“நான் பிறக்குமுன் ஓர் எலெயுதேரியோ இருந்தான்.
மூத்தவன். ஏழு வயது.
வலை எடுக்கப் போன படகு கவிழ்ந்தது; கிடைக்கவேயில்லை.
அவன் பெயரையே எனக்கு வைத்துப்
பின்னால் ‘இரண்டாவது’ என்று சேர்த்தார்கள்.
செகுந்தோ என்றால் அதுதான்.
நீ முதலில் கூப்பிட்டது அவனை.
போகட்டும், அவனும் மேலே வந்துவிட்டான்.
இப்போது என்னைக் கூப்பிடு.”

எங்களுக்குச் சொல்லித்தந்த எந்தப் பாடத்திலும்
இதற்குப் பதில் இல்லை.
மூன்று பெயரையும் சொன்னேன்,
இருட்டில் படி இறங்குகிறவன்போல்
ஒவ்வொன்றாய்க் கால் வைத்து.
தண்ணீருக்குள் அவர் கண்ணை மூடவில்லை.
மங்கலாய், பச்சையாய், என்னைப் பார்த்துக்கொண்டு,
இல்லை, என்னைத் தாண்டி.
தூக்க ஒரு நொடி பிந்தினேன்.
ஏன் என்று தெரியாது.

வெளியே கேட்டருகில், குடையில்லாமல், தெல்மிரா.
மழை படாமல் மடியில் பொத்திய கம்பளிச் சட்டையைத்
தம்பிமேல் வீசினாள். “போட்டுத் தொலை.
ஈரத்தோடு திரிந்து சாகப்போகிறாயா?”
பிறகு என் பக்கம் திரும்பினாள்.
பலகைச் சுவர்; உள்ளே பேசினால் தெருவுக்குக் கேட்கும்.
“பையா, முதலில் நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது.”
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
மயிர்க்கற்றையிலிருந்து மூக்குநுனிக்கு
நீர் ஒழுகிக்கொண்டிருந்தது,
அவளும் முழுகி எழுந்தவள் மாதிரி.

திங்கட்கிழமை அறிக்கை.
ஞானஸ்நானம், எண்ணிக்கை: ஒன்று.
எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.
கிஸ்பே சோறு வடித்துக்கொண்டிருந்தான்.
தொட்டியைத் திறந்துவிட மறந்தது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.