ஒரே டிரான்ஸ்ஃபார்மர்

வாளைப் பார்க்காதே, தோளைப் பார்.
வாள் பொய் சொல்லும்;
பாதி வழியில் நின்று மறுபக்கம் திரும்பும்.
தோளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.
இதைக் கற்க எனக்கு நூற்றுப் பன்னிரண்டு சாவுகள் ஆயின,
பெரும்பாலும் ஒரே ஆளிடம்.

நார்த்மேன் என்று பெயர் போட்டிருப்பான்.
நார்வேக்காரன் என்றே நினைத்திருந்தேன்:
சன்னலில் பனி, பக்கத்தில் ஆறும் காபி.
இங்கே தேவகோட்டையில் நான்,
பகலெல்லாம் அடகுக்கடைக் கவுண்ட்டர்,
இரவில் கொசுவத்திப் புகைக்குள் ஒரு கோட்டைப் பாலம்.

பின்வாங்கும்போது நேர்பின்னால் போகாதே.
சுவர் இருக்கும், அல்லது செத்தவனின் கேடயம்.
இடப்பக்கமாக அரை அடி நழுவு.
வெட்டு உன் மூக்குக்கு முன்னால்
காற்றைக் கூறுபோட்டுப் போகட்டும்.
எல்லாவற்றையும் தடுக்கப் பார்க்கிறவன்
மூச்சுத் தீர்ந்து சாகிறான்.
இருவர் வந்தால் வட்டமடித்து நட,
ஒருவன் மற்றவனுக்குத் தட்டியாக நிற்கும்வரை.

இன்னொன்று.
சிங்கப்பூர் சர்வரிலிருந்து நம் ஊர்வரை வர
வாளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.
திரையில் ஓங்குகிற வாள்
அங்கே ஏற்கெனவே இறங்கிவிட்ட வாள்.
ஆகவே சற்று முந்தித் தடு.
சற்றுதான்.
ரொம்ப முந்தினால் அதற்குப் பெயர் பயம்,
எதிராளிக்குத் தெரிந்துவிடும்.

ஐப்பசி, செவ்வாய் இரவு, ஒன்பதே முக்கால்.
முதல் முறையாக அவனைப் பாலத்து ஓரம்வரை தள்ளியிருந்தேன்.
கரண்ட் போனது.
தெரு மொத்தமும் ஒரு ‘ச்சே’ சொன்னது.
பதினொரு நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தால்
பட்டியலில் என் பெயருக்கு மேலே
அப்போதுதான் நுழைந்திருக்கிறான், நார்த்மேன்.

தற்செயல் என்று விட்டேன்.
வியாழன் மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தது.
இரண்டு மணி நேர இருட்டு.
திரும்பி வந்தேன். அவனும் வந்தான்.
அதற்குமேல் மறுக்க ஒன்றுமில்லை:
நார்வே
எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில்தான் தொங்குகிறது.

வெள்ளிக்கிழமை ஒருவர் வளையல் மீட்க வந்தார்.
ஆஸ்பத்திரி லேபில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை,
வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்.
வெ. தெய்வானை, ராம் நகர்.
வரிசையில் பின்னால் நின்றவர் குடையை உதறினார்.
தெய்வானை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
இடப்பக்கம், அரை அடி,
குதிகால் தரையை விட்டு எழாமல்.

எனக்கு வாய் உலர்ந்தது.
ரசீதை நீட்டுவதுபோல் நீட்டி, பாதியில் நிறுத்தி,
மறு கையால் வளையலை நீட்டினேன்.
அவர் கை அசையவில்லை.
என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“பாலத்துல ரொம்ப முந்துறீங்க” என்றார்.
வட்டியை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

குடைக்காரர் முன்னால் வந்து
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார்.
ஒரே வாரத்தில் மீட்டுவிடுவாராம்.
நான் அவர் தோளைப் பார்த்தேன்.