முந்நூற்றுப் பன்னிரண்டு பள்ளங்கள்

கூரையில் நூற்று நாற்பத்தொன்று.
பானெட்டில் எண்பத்தெட்டு.
டிக்கியில் ஐம்பது, மீதி கதவுகளில்.
ஒவ்வொன்றையும் மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டேன்.
பத்து சென்ட் அளவு, கால் டாலர் அளவு என்று
காசு வைத்துத்தான் அளப்போம் நாங்கள்
வானம் அடித்த அடியை.

நெப்ராஸ்காவின் ஓகலாலாவில்
ஆலங்கட்டி விழுந்த வாரம் எனக்கு அறுபது வண்டிகள்.
இது வெர்னெட் கூபிக்கின் ப்யூக்.
பதினாலு வயது,
விற்றால் நாலாயிரத்து இருநூறு தேறும்.
பள்ளிச் சமையலறையில் வேலை அவளுக்கு.
தலைவலையைக் கழற்றாமலே வாசலுக்கு வந்தாள்,
சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டு.

கணக்கு என் மடியில் திறந்திருந்தது.
சட்டம் கேட்பதற்கு மேல்
முழுக் காப்பீட்டுக்கென்று மாதம் அறுபத்தொரு டாலர்.
ஏழு வருடம்.
ஐயாயிரத்து நூற்று இருபத்து நான்கு.
சேதம் மூவாயிரத்து நூறு,
அதில் முதல் ஐந்நூறு அவள் தலையில்,
மிச்சம் இரண்டாயிரத்து அறுநூறுக்குக் காசோலை.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
நான் வாயைத் திறக்கவில்லை.

அவளே ஆரம்பித்தாள்:
“சொல்ல வேண்டாம்.
என் தம்பி லாடிஸ் எழுதியே காட்டிவிட்டான்.
அந்தப் பணத்தை ஒரு டப்பாவில் போட்டிருந்தால்
இன்னொரு ப்யூக் வாங்கியிருக்கலாமாம்.
போட்டிருப்பேனா நான்?
போட்டிருந்தாலும்
பிப்ரவரியில் கேஸ் பில் வந்து கேட்டால்
இல்லையென்று சொல்லுமா டப்பா?”

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
கையெழுத்துக்கு இடம் தேடினாள்.
தேடியபடியே:

“இங்கே மேகம் பச்சையாய்த் திரும்பினால்
தெருவே ஓடும்.
மெத்தை, போர்வை, குளியலறை மிதியடி,
கையில் எது கிடைக்கிறதோ அது,
காருக்குப் போர்த்த.
எதிர்வீட்டு ஹோல்கருக்கு ஒருமுறை
மண்டையில் ஏழு தையல்.
கார் தப்பித்தது.
நான் ஓடுவதில்லை.
விளக்கை அணைத்துவிட்டு
ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன்.
போன செவ்வாய் ராத்திரி புல்வெளி முழுக்கத் துள்ளியது,
தெருவிளக்கின் கீழே வெள்ளை வெள்ளையாய்.
என் கார் பாட்டுக்குத் தகரக்கொட்டு அடித்துக்கொண்டிருந்தது.
நம்பினால் நம்பு,
அழகாக இருந்தது.”

பதினோரு வருடமாய் இந்த வேலையில் இருக்கிறேன்.
அந்தச் சொல்லை எழுத
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
‘முழு’ என்ற சொல்லுக்குக் கீழே
பொடி எழுத்தில் விலக்குகள் மட்டும் ஒன்றரைப் பக்கம்:
வாடகைக் கார் கிடையாது,
வண்டிக்குள் இருந்த பொருள் கிடையாது,
சரிசெய்யாத பழைய பள்ளம்
அடுத்த கிளெய்மில் செல்லாது.
கடைசியதை அழுத்திப் படித்துக் காட்டினேன்,
பள்ளம் எடுக்கும் கடையின் அட்டையை நீட்டினேன்.
வாங்கிக்கொள்ளவில்லை.

“பள்ளத்தோடு ஓடும்தானே?”
ஓடும்.
“அப்போ பள்ளம் கிடக்கட்டும். பல் கட்டப் போகிறேன்.”
கையை எடுத்தாள்.
மேல்வரிசையில், நடுவில், ஒரு சின்ன இருட்டு.
“நாலு வருடமாய் இதை முந்திக்கொண்டு
அந்த அறுபத்தொன்று போய்க்கொண்டே இருந்தது.”
சொன்ன குரலில் புகாரா பெருமையா,
எனக்குப் பிடிபடவில்லை.

அன்றிரவு விடுதி வாசலில் என் பிக்அப் நின்றது.
நான் அடுத்தவனை இடித்தால்
அவனுக்கு மட்டும் பணம் தரும் மலிவுப் பாலிசி.
கணக்குத் தெரிந்தவன் அல்லவா நான்.
பத்தரைக்கு மேற்கே ஒரு மின்னல்.
கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு
வெறுங்காலோடு வெளியே நின்றேன்,
இரண்டு மணிவரை.
ஒரு சொட்டுக்கூட விழவில்லை.