கட்டாக்காலிக் கணக்கு

சனிக்கிழமை என் முறை.
வல்லைப் பாலத்துக்கு இப்பால் இறங்கவேணும் என்றால்
கொண்டக்டர் ஒருக்கால் திரும்பிப் பார்ப்பான்:
இதிலே ஆற்றை வீடு?
வீடில்லை. வெளி.
ஒரு தூரநோக்கி, ஒரு மட்டைப் பலகை,
நூலில் கட்டிய பேனை.
சோளகம் முதல் வேலையாய்த் தாளைத்தான் பறிக்கும்.

முன்னமே வந்து நின்றாள் மதுராங்கி,
தலைக்கவசத்தைக் கழற்றாமல்.
கழற்றினால் முடி கண்ணுக்குள்,
முடி கண்ணுக்குள் போனால் மாடு இரட்டையாம்.
போன மாதம் அப்படித்தான்
நாற்பத்தாறு எண்ணிவிட்டு
மறுபடி தொடக்கத்திலிருந்து நடந்தோம்.

தாளில் உள்ள கேள்விகள் எளியவை.
நொண்டுகிறதா.
மூக்கு ஒழுகுகிறதா.
சாணம் இறுகலா, இளகலா.
காயம் என்றால் எந்தப் பக்கம்.
ஆருடையது என்று ஒரு கேள்வியும் இல்லை.
சிலதின் தொடையில் சுட்ட குறி உண்டு.
தோல் வளர எழுத்தும் வளர்ந்து
'க' என்று நினைத்தது
இப்போது வாசிக்க முடியாத ஒரு கோடு.

நேரே போகக்கூடாது.
நேரே வருகிறவன் கயிறோடு வருகிறவன்.
இரவில் லான்ட்மாஸ்டரில் வந்து
இறைச்சிக்கு ஏற்றிப் போனவர்களும்
நேரேதான் வந்தார்கள்.
ஆகவே உமிரிக்குள் வளைந்து,
எதையோ தொலைத்தவர்கள் மாதிரிக் குனிந்து,
ஆள்காட்டி கத்தினால் நின்று,
அது அடங்க நடந்து.

ஆவுரஞ்சிக்கல்லடித் தொட்டியில்
நாலு விரல் தண்ணீர்.
அதில் ஒரு லஞ்ச்சீற், சோற்றுப்பருக்கையோடு.
வியாழன் வரவேண்டிய பவுசர் வரவில்லை.
லஞ்ச்சீற்றை என் சட்டைப்பையில் வைத்தேன்.
பிறகு நாள் முழுக்க என்னில் பருப்பு மணம்.

முப்பத்தெட்டு.
நாம்பன் ஒன்று, முப்பத்தொன்பது.
நாற்பது.
நாற்பத்தொன்று இருக்கவேணும்.
"காது கிழிஞ்ச செவலையைக் காணேல்லை."

தெருவோரம் பார்த்தோம்.
உடைந்த கண்ணாடி, பழசு.
மதகுக்குள் பார்த்தோம்.
நீரேரிச் சேற்றில், மாரியில் ஒரு நாகு புதைந்த இடத்தில்,
கொக்கு மட்டும் நின்றது.

செவலை ஈச்சம்பற்றைக்கு எட்டத் தனியே நின்றது.
மேயவில்லை.
வயிறு ஒட்டி, மடி இறங்கி,
வாலடியில் காய்ந்த இரத்தம்.
இரண்டு கிழமைக்கு முன்
'வயிறு பெரிது' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டது நான்தான்.

அது தெருவைப் பார்த்தது.
பாலத்தைப் பார்த்தது.
எங்களைப் பார்த்தது.
பற்றையைத் தவிர எல்லாத் திசையையும் பார்த்தது.
நான் வலப்பக்கம் ஓரடி வைத்தேன்:
அசைபோட்ட வாய் நின்றது.
காலைப் பின்னுக்கு எடுத்தேன்:
வாய் தொடங்கிற்று.

எங்கள் வீட்டுக்கும்
பலகையும் தாளுமாய் எண்ண வந்தவர்கள் உண்டு.
எனக்கு ஏழு வயது.
அம்மா படலையில் நின்று
கிணற்றைப் பார்த்தாள், பூவரசைப் பார்த்தாள்,
அவர்களின் சப்பாத்தைப் பார்த்தாள்.
மாட்டுக்கொட்டில் பக்கம் மட்டும்
அவள் கண் போகவேயில்லை.
அங்கேதான் சின்ன மாமா.

மதுராங்கி போனை எடுத்தாள், படம் எடுக்க.
என் முகத்தைப் பார்த்தாள்.
பைக்குள் வைத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

தாளில் கன்று என்றொரு கட்டம்.
பேனை அங்கே கனநேரம் நின்றது.
'காணவில்லை' என்று எழுதினால்
ஆரும் தேடி வருவார்கள்.
அதோடு, அந்தச் சொல்லை இந்த ஊரில்
ஒரு கட்டத்துக்குள் எழுதக் கை வராது.
'பார்க்கவில்லை' என்று எழுதினேன்.
அது உண்மை.

திரும்பும்போது பவுசர்காரனுக்கு எடுத்தேன்.
நெல்லியடியில் நிற்கிறானாம், டயர் போச்சாம்,
நாளைக்குக் காலமை கட்டாயமாம்.
எத்தினை மாட்டுக்கு என்றான்.
நாற்பத்திரண்டு என்றேன்.

"கண்டு தண்ணி குடியாது" என்றாள் மதுராங்கி,
மோட்டார்சைக்கிளை உதைத்தபடி.
தெரியும் என்றேன்.
காற்றில் அவளுக்குக் கேட்டிருக்காது.