சாளை ஆட்டம்

வேண்டிய பொருள்கள்: இருட்டு.
அது எங்களிடம் தாராளமாக இருந்தது.
எங்கோ பனியில் மின்கம்பி அறுந்து,
மலைப்பாதையையும் மூடிவிட்டார்கள்.
ஐஸ்லாந்தின் மேற்கு ஃபியார்டில்
பிள்ளைகள் இல்லாத ஒரு பள்ளிக்கூடத்தில்
பேருந்தோடு நான் ஒதுங்கினேன். பிப்ரவரி, ஆறு மணி.
பொழுது அதற்குள் கடையைக் கட்டியிருந்தது.

பதினோரு பேர்.
ஓட்டுநர் ஊர்களை அல்ல, தலைகளை நினைவில் வைப்பவன்.
ஏறும்போது பதினொன்று,
டீசல் போட்டு, எல்லோரும் காப்பி குடித்து வந்தபின் பதினொன்று.
இருபத்தாறு வருடத்தில் ஒருவரையும் விட்டுவிட்டு வண்டியை எடுத்ததில்லை.
(ஒருமுறை ஒரு நாயை. அது வேறு கதை.)

கைபேசிகள் ஒவ்வொன்றாகக் கண்ணயர்ந்தன.
மீன் ஆலையில் ஒரே மேசைக்காரிகள்
போஜெனாவும் லூஸ்விமிண்டாவும்.
வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பேச்சில்லை என்பது
பேருந்துக்கே தெரியும்:
முதல் இருக்கையில் ஒருத்தி, கடைசியில் ஒருத்தி.
வங்கிக்காரர் ஐவிந்தூர்
சுவரைப் பார்த்தபடி சாண்ட்விச் தின்றார்.

ஒன்பது வயது ஸ்னைடிஸ்தான் ஆரம்பித்தாள்.
முதலில் எண்ணும் ஆட்டம்.
வட்டமாக உட்கார், கண்ணை மூடு,
அடுத்த எண்ணை யாரும் சொல்லலாம்,
இரண்டு வாய் ஒன்றாகத் திறந்தால்
மறுபடி ஒன்றிலிருந்து.
இருபதைத் தொட்டால் போதும்.
நாங்கள் நான்கைத் தாண்டவில்லை.
ஐந்து வரும்போதெல்லாம்
வங்கிக்காரரும் போஜெனாவும் முட்டிக்கொண்டார்கள்.
"என் பணத்தையும் இப்படித்தான் எண்ணுகிறீர்களா?"
என்று ஒரு குரல் கேட்க,
முதல் சிரிப்பு விழுந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

பிறகு சாளை.
ஒருவர் ஒளிய, மற்றவர்கள் தேட வேண்டும்.
கண்டுபிடித்தவர் கத்தக் கூடாது,
சத்தமில்லாமல் பக்கத்தில் ஒடுங்கிக்கொள்ள வேண்டும்,
டப்பாவுக்குள் மீன் மாதிரி.
கடைசிவரை வெளியே நிற்பவர் தோற்றார்.
"நாள் முழுக்க அடைக்கிறோம்,
இன்றைக்கு நாமே போவோம்" என்றாள் லூஸ்விமிண்டா
பொதுவாக, யாரையும் பார்க்காமல்.
இருட்டில் அதுவும் ஒரு வசதி.

ஸ்னைடிஸ் ஒளிந்தாள்.
முதலில் நடைபாதை கொள்ளாத காலடிகள்.
யார் மேலோ மோதி
மன்னிப்புக் கேட்டேன்; அது கோட்டு.
பிறகு ஒரு இருமல் காணாமல் போனது.
கிறீச்சிடும் பூட்ஸ் ஒரு மூலைக்குப் போய்த் திரும்பவில்லை.
நாலு பேர் இருப்போம் என்று நினைத்தேன்.
மூன்று.
அப்புறம் என் மூச்சு மட்டும்.

பியானோ மூடியைத் தடவினேன். சும்மாதான்.
சுவரில் என் இடுப்புயரத்துக்குக் கோட்டு மாட்டும் கொக்கிகள்,
வரிசையாக, காலியாக.
விரல் தன்பாட்டுக்கு எண்ணப் பார்த்தது.
பதினொன்று போய்ப் பூஜ்யம்.
இருபத்தாறு வருடத்தில் முதல்முறை
என்னை விட்டுவிட்டு வண்டி போயிருந்தது.

காட்டிக்கொடுத்தது வாசனை:
ஈரக் கம்பளி, உலர்மீன், அதிமதுர மிட்டாய்.
மேடைக்கு அடியில்,
மடக்கு நாற்காலிகள் வைக்கும் பொந்து.
குனிந்தேன்.
"இடமில்லை" என்றது ஒரு வாய்.
"உண்டு" என்றது இன்னொன்று.
ஒரு கை என் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தது.
என் இடது கால் மட்டும் வெளியே.
அதை மடக்கிப் பார்த்தேன்,
யாருடைய விலாவிலோ முழங்கால் குத்தியது,
திட்டு போலிஷ் மொழியில் வந்தது.

ஆட்டம் முடிந்துவிட்டது.
யாரும் எழுந்திருக்கவில்லை.
என் முதுகில் ஒரு இதயம் அடித்துக்கொண்டிருந்தது,
வங்கிக்காரருடையதாக இருக்கலாம்.
அப்போது ஆழத்திலிருந்து ஸ்னைடிஸ்,
"ஒன்று."
வெகுநேரம் கழித்து யாரோ, "இரண்டு."
ஐந்து வந்தது, முட்டாமல் போனது.
எட்டு என்னுடையது.
ஒன்பது போஜெனா. அவள் வாய் மூடுமுன்னே,
ஆனால் மோதாமல்,
"பத்து" என்றாள் லூஸ்விமிண்டா.

பதினான்கில் மின்சாரம் வந்தது.
எல்லோர் தலையிலும் தூசி.
வெளிச்சத்தில் ஒருவரையொருவர் பார்க்கக் கூசி
என் காலைத் தாண்டித் தாண்டி வெளியேறினார்கள்.
நான் எண்ணினேன், பழக்கம்.
பதினொன்று.

விடிந்து பாதை திறந்து
மலையேறும்போது கண்ணாடியில் பார்த்தேன்.
இடம் மாறி உட்கார்ந்தவர் எவருமில்லை.
ஆனால் பேருந்தில் யாரோ ஒருவரிடம்
பதினைந்து
இன்னும் சொல்லாமல் இருக்கிறது.