இரண்டாம் ஊசி, மூன்றாம் ஊசி

புதுவயல் தாண்டி மூன்றாவது அரிசி ஆலை.
எடைமேடையில் நெல் லாரி நிற்கிறது.
சுவரில் சிவப்பு எழுத்தில்
பதினாறாயிரத்து நானூற்று இருபது
கொஞ்சமும் நடுங்காமல் எரிகிறது.
அங்கிருந்து கணினிக்கு ஏழடி.
ஏழடி கடப்பதற்குள் அந்த எண்
கேள்விக்குறியும் கட்டமும் அரைப்புள்ளியுமாய்
அடிபட்டு வந்து விழுகிறது.

"நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு"
என்கிறார் அடைக்கலமேரி, ரசீது போடுகிறவர்.
நான் பார்த்த எல்லாப் பழுதும்
நேற்று ராத்திரி நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

பையில் நான்கு அடாப்டர் கொண்டுவந்தேன்.
மாட்டியிருந்தது இருநூறு ரூபாய்ச் சரக்கு,
உள்ளே வேறு யார் பெயரையோ
போட்டுக்கொண்டு திரியும் சில்லு.
கழற்றினேன். நல்லதாய் ஒன்று மாட்டினேன்.
அதுவும் உளறியது.
கேபிளை மாற்றினேன். உளறியது.

வேகம் இரண்டாயிரத்து நானூறு,
இரு பக்கமும் அதுவே.
வேகம் பிசகினால் எப்போதும் உளறும்.
இது பத்து வண்டிக்கு ஒழுங்காய்ச் சொல்லி
பதினோராவதில் புரளும்.
சில நேரம் 'டிடுங்' என்றொரு சத்தம்;
மூன்றாம் போர்ட்டில் இருந்தது காணாமல் போய்
ஏழில் முளைக்கும்.
மென்பொருள் மட்டும்
மூன்றின் கதவையே தட்டிக்கொண்டு நிற்கும்.

வெளியே ஹாரன்.
"எடையில என்னமோ பண்றாய்ங்கடா" என்று ஒரு குரல்,
எனக்குக் கேட்கட்டும் என்றே.

"கொண்டை ஊசி இருக்குமா?"
அடைக்கலமேரி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
கொடுத்தார்.
கருப்புப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு
அடாப்டரின் இரண்டாம் ஊசியையும்
மூன்றாம் ஊசியையும் அதனால் சேர்த்தேன்.
கேட்கிற கம்பி, சொல்கிற கம்பி,
இப்போது இரண்டும் ஒன்று.
நான் தட்டுவது எனக்கே திரும்ப வேண்டும்.
இதாயத் என்று தட்டினேன்.
இதாயத் என்று வந்தது.
நூறு முறை தட்டினேன்.
நூறு முறையும் நான் முழுசாய் வந்தேன்.

அதற்குள் ஆலைக்குள் பெரிய மோட்டார் உறுமி எழுந்தது,
ட்யூப்லைட் ஒரு கணம் கண்ணைச் சுருக்கியது.
அப்போதும் இதாயத்.

ஊசியை எடுத்துவிட்டு
எடைப்பெட்டியின் கேபிளைச் செருகினேன்.
அடுத்த தடவை மோட்டார் எழுந்தபோது
'டிடுங்'.

அடைக்கலமேரி ஒரு நோட்டை நகர்த்தினார்.
இருபது நாளாய் பென்சிலில்
ஒவ்வொரு எடையும் எழுதியிருக்கிறார்;
தப்பிய இடத்திலெல்லாம் ஓரத்தில் மணி.
ஒன்பது நாற்பது. பத்து இருபத்தைந்து. பதினொன்று பத்து.
"யாரும் கேக்கல" என்றார்.

மோட்டார் பார்க்கும் சின்னக்காளையிடம் காட்டினேன்.
"ஏங்க, இது நான் சுவிட்சு போட்ட நேரம்ல?"

எடைப்பெட்டியின் எர்த்துக்கும்
கணினியின் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தேன்.
இரண்டு வோல்ட்.
மோட்டார் எழும்போது பதினான்கு.
ஒன்று ஆலையின் எர்த்.
மற்றது எடைமேடைக்கென்று தனியாய்த் தோண்டிய குழி.
ஏழடி அறைக்குள்
இரண்டு பூமி.
பேச்சில் குற்றமில்லை,
'சைபர்' என்று இவர்கள் சொல்வதும்
அவர்கள் சொல்வதும் வேறாயிருந்தது.

குழி மூடியைத் திறந்தோம்.
உப்பும் கரியும் பாளமாய் வெடித்துக் கிடந்தன.
செம்புறாங்கல் மண்; பங்குனிக்குப் பிறகு
யாரும் தண்ணீர் காட்டவில்லை.
நாலு குடம் ஊற்றினோம்.
மண் உஸ்ஸென்றது.
பதினான்கு ஆறானது. ஆறு போதாது.
இரண்டு பக்கத்தையும் ஒரே பிளக்குக்குக் கொண்டுவந்தேன்,
நடுவே தடுப்பு போட்ட அடாப்டருக்கு
சென்னைக்குச் சொல்லியிருக்கிறேன்.
கடைசி லாரி ஏறியது.
சின்னக்காளை வேண்டுமென்றே சுவிட்சைப் போட்டார்.
பதினைந்தாயிரத்து எண்ணூற்று அறுபது,
ஒரு இலக்கம் குறையாமல் வந்து நின்றது.
அடைக்கலமேரி அதைப் பார்த்தார்,
சுவரைப் பார்த்தார்,
பிறகு பென்சிலால் நோட்டிலும் எழுதினார்.

கண்டனூர் தாண்டும்போது
போன் அடித்தது. எடைமேடை எண்.
வண்டியை ஓரங்கட்டினேன்,
வயிற்றில் ஒரு 'டிடுங்'.

"தம்பி, என் ஊசிய
எடுத்துட்டுப் போய்ட்டீங்களே."