கேட் போட்டிருக்கு

ஞாயிறு நாலு மணிக்குக் கேரம் கிளப் ஷட்டரைப்
பாதிதான் தூக்கி வைத்திருப்பார்கள்.
குனிந்து நுழையவேண்டும்.
கொருக்குப்பேட்டையில் எனக்குக் கிடைத்த வகுப்பறை அது.
நாலு போர்டு, ஒரு டியூப்லைட், பவுடர் வாசனை.
ஒழுகும் ஷீட்டுக்கு அடியில் இழுத்துக் கட்டிய
கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ்.
அண்ணாந்தால் பத்தொன்பது வயது முகம்.
"நம்ம பையன்தாங்கா,
மழைய அவன்தான் தாங்கறான்" என்றான் மோசே.

அனுப்பியவர்கள் ஒரு பிரிண்ட்அவுட் தந்திருந்தார்கள்.
கோபம் வந்தால் பத்து வரை எண்ணவும்.
வாசித்தேன்.
"எதுர்ல வர்றவனும் எண்ணுவானா?" என்றான் லோகு.
சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

ஸ்டான்லியில் தையல் அறையில்
ஒன்பது வருஷம் நைட் டியூட்டி எனக்கு.
ரெண்டு பக்கத்துப் பையன்களும் அங்கேதான் வருவார்கள்,
அடுத்தடுத்த ஸ்ட்ரெச்சரில்,
ஒரே பஞ்சு டப்பாவுக்கு.
அதைச் சொன்னேன்,
சொல்ல வேறொன்றும் இல்லாததால்.

தேசிங்கு மட்டும் நகர்ந்து வந்தான்.
"கழுத்துல பட்டா எங்க அமுக்கணும்?"
எதற்குக் கேட்கிறான் என்று ஒரு கணம் பயந்தேன்.
அவன் கண் மேலே பிளெக்ஸில் இருந்தது.
"ஆட்டோல பூரா சட்டைய வச்சிப் பொத்தினேதான் வந்தேன்.
மெதுவாப் பொத்திட்டேன் போல.
அவனுக்கு வலிக்குமேன்னு."

அதற்கப்புறம் பிரிண்ட்அவுட்டை எடுத்துப்போகவில்லை.
பஞ்சும் பழைய வேட்டிக் கிழிசலும் கொண்டுபோனேன்.
ஒருத்தன் தொடையை ஒருத்தன் முட்டி வைத்து
அழுத்தப் பழகினான்.
"டேய், கிச்சுகிச்சு மூட்டாதடா."
லைனுக்கு அந்தாண்டையிலிருந்து ஹமீது
ஒரே ஒரு வாரம் வந்தான்.
மோசே அவன் மணிக்கட்டில் நாடி தேடினான்.
"செத்துட்டியாடா?"
"ஒனக்குப் புடிக்கத் தெர்ல."
கிடைத்தபோது ரெண்டு பேருமே பேசவில்லை.
மறுவாரம் ஹமீது இல்லை.
ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

ஆடி மாசம், புதன்கிழமை, ராத்திரி பதினொன்றரை.
போனில் தேசிங்கு. பேச்சில்லை.
மணிச் சத்தம், பிறகு சரக்கு ரயில்,
அதற்கடியில் பைக்குகளின் உறுமல்.
"கேட் போட்டுக்கீதுக்கா" என்றான்.
எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.
கேட்டால் வைத்துவிடுவான்.
"எத்தனை பெட்டி?" என்றேன்.
ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்னும் தெரியாது.

எண்ணத் தொடங்கினான்.
கரி வேகன். பதினேழு, பதினெட்டு.
டேங்கர். கரி. கரி.
பின்னாலிருந்து யாரோ அவன் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள்.
முப்பத்தொன்று.
எனக்குத் தோளில் போன், கையில் கட்டுத்துணி,
எதிரே நெற்றி கிழிந்த மீன்பாடி வண்டிக்காரர்,
"முட்ச்சி வுடும்மா" என்று.
ஐம்பத்தெட்டு.
ரயில் ஓய்ந்தது. கேட் கிறீச்சிட்டு ஏறியது.
வண்டிகள் கிளம்பின. எத்தனை என்று காதால் எண்ண முடியவில்லை.
"அக்கா" என்றான்.
சிக்னல் போயிற்றா, வைத்துவிட்டானா.

விடியும்வரை வந்த ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரிலும்
முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்த்தேன்.
தேசிங்கின் செருப்புக்குப் பச்சை வார்.

ஞாயிறு. ஷட்டர் பாதி.
குனியும்போது முதலில் தெரிவது செருப்புகள்.
பச்சை வார் ஒன்று,
அறுந்த இடத்தில் ஊக்குக் குத்தி.
ஸ்ட்ரைக்கரைச் சுண்டியபடி, நிமிராமல் சொன்னான்:
"கார்டு பெட்டியும் சேத்தா அம்பத்தொம்போதுக்கா."
மோசே வரவில்லை.
அவன் பேரை யாரும் எடுக்கவில்லை.
மேலே பிளெக்ஸில் தண்ணீர் சேர்ந்து
தொப்பையாகத் தொங்கியது.
பஞ்சைப் பிரித்தேன்.
லோகு, கேட்காமலே, கையை நீட்டினான்.